இருபத்தோரு நாள் கணக்கு!

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் தோன்றி, இன்று நள்ளிரவிலிருந்து இருபத்தோரு நாள் யாரும் வாசலைத் தாண்ட வேண்டாம் என்றார். அடுத்த பத்தாவது நிமிஷம் ஊரே மளிகைக் கடை வாசலில் நின்றது. ரவை தீர்ந்து போயிற்று. சேமியா தீர்ந்து போயிற்று. எங்கள் தெருக் கடையில் கடைசியாக மிஞ்சியது ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் கடைக்காரரும்தான்.

நம்மில் பல பேருக்கு இருபத்தொன்று என்கிற எண் அன்றைக்குத்தான் பெரிதாகத் தெரிந்தது. ஆனால், அதற்கு முன்பே அந்த எண்ணைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்த ஒரு கூட்டம் உண்டு. கேன்ஸருக்கு கீமோதெரபி எடுத்துக் கொள்கிறவர்கள். பல கீமோ மருந்துகளுக்குக் கணக்கே அதுதான்... இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை.

ஒரு இருபத்தொன்று, 'வீட்டை விட்டு நகராதே' என்கிறது. இன்னொரு இருபத்தொன்று, 'தேதி தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வா' என்கிறது. எதைக் கேட்பது? இரண்டுக்கும் நடுவில் மாட்டிக் கொண்டவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

அதென்ன 21?

ஜோசியமோ ராசி எண்ணோ இல்லை. கீமோ மருந்து ஒரு முரட்டு ஆசாமி. வேகமாகப் பெருகுகிற செல் எதைக் கண்டாலும் அடிக்கும். கேன்ஸர் செல் வேகமாகப் பெருகுகிறது, அடி. தலைமுடி வேர் வேகமாக வளர்கிறது, அதற்கும் அடி. ரத்தத்தை உற்பத்தி செய்கிற எலும்பு மஜ்ஜை ராப்பகலாக வேலை செய்கிறது, அதற்கும் அடி. அதனால்தான் முடி கொட்டுகிறது, ரத்த வெள்ளை அணுக்கள் சரிகின்றன.

மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைக்குள் வெள்ளை அணுக்கள் பாதாளத்துக்குப் போகும். பிறகு மஜ்ஜை மெதுவாக எழுந்து உட்கார்ந்து, மூன்றாவது வாரக் கடைசியில் ஓரளவு பழைய நிலைக்கு வரும். அடிபட்ட கேன்ஸர் செல்கள் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்காது. 'நல்லவன் எழுந்துவிட்டான், கெட்டவன் இன்னும் எழவில்லை' என்கிற அந்த இடைவெளியில் அடுத்த டோஸ். இதுதான் சூட்சுமம். தேதியை ரொம்பத் தள்ளினால், கெட்டவனும் எழுந்து சட்டையை மடித்துவிட்டுக் கொண்டு நிற்பான்.

ரேடியேஷனுக்கு இன்னும் கறாரான கணக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் தினம். நம் ஆபீஸ் மாதிரிதான்... ஒரே வித்தியாசம், இங்கே லீவு போட்டால் சம்பளம் போகாது, வைத்தியத்தின் பலன் போகும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மொத்த ரேடியேஷனையும் எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது டாக்டர்களின் விதி.

இந்த விதிகளில் எதற்கும் ஊரடங்கு என்ற ஒன்று தெரியாது.

காதலர் தினப் பரிசு

அக்காவுக்கு அப்போது வயது 43. திண்டிவனத்தில் கணக்கு டீச்சர். அந்த ஜனவரியில் மார்பில் ஆபரேஷன் ஆயிற்று. மொத்தம் ஆறு கீமோ, அப்புறம் ரேடியேஷன் என்று பட்டியல் கொடுத்தார்கள். முதல் கீமோ பிப்ரவரி 14.

"காதலர் தினத்துக்கு உங்க மாமா குடுத்த கிஃப்டைப் பாருடா" என்று டிரிப்ஸ் ஏறுகிற கையைக் காட்டினாள். மாமா அந்தப் பக்கம் திரும்பிக் கொண்டார்.

இரண்டாவது, மார்ச் 6. மூன்றாவது, மார்ச் 27 வெள்ளிக்கிழமை. ஊரடங்கு ஆரம்பித்த மூன்றாவது நாள்! ஆஸ்பத்திரி இருப்பது சென்னையில், திண்டிவனத்திலிருந்து நூற்று இருபது கிலோமீட்டருக்கு மேல். பஸ் கிடையாது. ரயில் கிடையாது. மாமாவுக்கு ஸ்கூட்டர் தவிர வேறு வாகனம் ஓட்டத் தெரியாது.

நான் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்ஷன். இஸ்திரி மேஜை மேல் லாப்டாப்பை வைத்துக் கொண்டு வீட்டிலிருந்தே உத்தியோகம் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம். உண்மையில் அந்த இரண்டு நாளும் நான் பார்த்தது டெலிபோன் ஆபரேட்டர் உத்தியோகம்தான். ஆஸ்பத்திரி நம்பரை நாற்பது தடவையாவது அடித்திருப்பேன். என்கேஜ்டு... என்கேஜ்டு... கடைசியில் ஒரு பெண் குரல்.

"கீமோ நடக்குதுங்களா மேடம்?"

"நடக்குது ஸார். நிறுத்தலை. கூட ஒருத்தர்தான் வரணும். ஜுரம், இருமல் இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிடணும். ஃபைல் நம்பர் சொல்லுங்க... லிஸ்ட்ல பேர் இருக்கு. வரச் சொல்லுங்க."

அந்த 'வரச் சொல்லுங்க'வைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதி, இன்க்ரிமென்ட் லெட்டர் வாங்கியபோதுகூட வந்ததில்லை.

இனி வண்டி. அக்கா வீட்டுத் தெருமுனையில் கால் டாக்ஸி ஓட்டுகிற பையன் ஒருவன். மாமா தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். அவன் சொன்னது:

"டீச்சர் என்னை டென்த்ல பாஸ் பண்ண வெச்சாங்க ஸார். நீங்க இப்ப வண்டிக்கு ஒரு பாஸ் மட்டும் வாங்கிட்டு வாங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மாமா ஃபைலைத் தூக்கிக் கொண்டு அரசு அலுவலகத்துக்கு ஓடினார். டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ அட்டை, அடுத்த தேதி எழுதிய சீட்டு... மூன்றையும் பார்த்தார்கள், பாஸ் கொடுத்தார்கள். ஜெராக்ஸ் கடை எதுவும் திறந்திருக்கவில்லை என்பதால், மாமா எல்லாவற்றையும் முன்பே பிரதி எடுத்து வைத்திருந்தது அன்று உதவியது. கணக்கு டீச்சரின் புருஷன் அல்லவா?

பரனூர் டோல்கேட்டில் போலீஸ் மறித்தது.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க எல்லாரும்?"

மாமா ஃபைலைப் பிரிப்பதற்குள் அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டாள். அந்தப் போலீஸ்காரர் ஒரு வினாடி பேசவில்லை.

"கட்டிக்குங்கம்மா, வெயில் அடிக்குது. டிரைவர்... பார்த்து மெதுவா போப்பா."

ஃபைலை அவர் பார்க்கவே இல்லையாம்.

சாயங்காலம் டிரிப்ஸ் முடிந்ததும் அன்று ராத்திரி எங்கள் ஃப்ளாட்டில் தங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்று ஏற்பாடு. கீழே அசோசியேஷன் செக்ரட்டரி மாஸ்க்கோடு நின்று கொண்டிருந்தார்.

"வெளியூர் ஆளுங்களை உள்ளே விடறதில்லைன்னு தீர்மானம் போட்டிருக்கோம் ஸார்."

"எப்ப போட்டீங்க?"

"இப்பத்தான்."

நான் பல்லைக் கடித்துக் கொண்டிருந்தபோது, என் மனைவி படியிறங்கி வந்து சாந்தமாகச் சொன்னாள்: "அண்ணா, அவங்களால உங்களுக்கு ஒண்ணும் வராது. நம்மாலதான் அவங்களுக்கு ஏதாவது வரும். அதனால தயவு பண்ணி நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். தீர்மானமும் தள்ளி நின்றது.

விளக்கேற்றிய இரவு

ஏப்ரல் 5, ஞாயிறு. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் எல்லோரும் விளக்கேற்றினோமே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு அக்காவுக்குக் கீமோ முடிந்து ஒன்பதாவது நாள். அதாவது, வெள்ளை அணுக்கள் பாதாளத்தில் இருக்கிற நாள்.

ஒன்பதரைக்கு மாமாவிடமிருந்து போன். குரல் கிசுகிசுத்தது.

"மாப்ளே, உங்க அக்காவுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. நூத்தி ஒண்ணு. வெளில சொன்னா கொரோனா வார்டுல கொண்டு போய்ப் போட்டுடுவாங்க. வீட்டு வாசல்ல தகரம் அடிப்பாங்க. ஒரு பாராசிட்டமால் குடுத்துட்டு, காலைல பாத்துக்கலாமா?"

இந்த ஒரு கேள்வியில்தான் அந்த வருஷத்தின் மொத்த ஆபத்தும் இருந்தது. சாதாரண ஆசாமிக்கு ஜுரம் என்றால் படுத்து எழுந்தால் போய்விடும். கீமோ எடுக்கிறவருக்கு ஜுரம் என்றால், உடம்பில் காவல்காரர்களே இல்லாத நேரத்தில் திருடன் புகுந்துவிட்டான் என்று அர்த்தம். வெள்ளை அணு குறைவாக இருக்கும்போது ஒரு சாதாரணக் கிருமி சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவி ஆளையே சாய்த்துவிடும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும் என்று டாக்டர்கள் பறப்பது இதனால்தான். பாராசிட்டமால் போட்டால் ஜுரம் இறங்கும், கிருமி இறங்காது. அபாயச் சங்கை மட்டும் நிறுத்திய மாதிரி ஆகும்.

அக்காவின் கீமோ அட்டையின் பின்பக்கத்தில் இதைத்தான் அச்சடித்திருந்தார்கள். 'உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தாண்டினால் இரவானாலும் உடனே வரவும்.' கீழே ஒரு டெலிபோன் நம்பர். நான் அந்த நம்பரைப் பிடித்தேன். டியூட்டி டாக்டர் இரண்டே கேள்வி கேட்டார். எத்தனையாவது நாள்? எவ்வளவு ஜுரம்?

"சென்னைக்கெல்லாம் வர வேண்டாம். பக்கத்துல எந்தப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கோ, இப்பவே போகச் சொல்லுங்க. போனதும் முதல் வார்த்தை, 'கீமோ எடுக்கறோம், ஒன்பதாவது நாள்'னு சொல்லணும். அப்புறம்தான் மத்த கதை."

மறுபடி அந்த டாக்ஸிப் பையன். மாவட்டத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஒரு பக்கம் மூக்கில் குச்சி விட்டு கொரோனா டெஸ்ட் எடுத்தார்கள். ரிசல்ட்டுக்காகக் காத்திராமல் இன்னொரு கையில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். வெள்ளை அணு கிட்டத்தட்டத் துடைத்து வைத்த மாதிரி இருந்ததாம். கொரோனா இல்லை என்று மறுநாள் ரிசல்ட் வந்தது. ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தகரம் யாரும் அடிக்கவில்லை.

நான்காவது கீமோ ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. அது டாக்டர் தள்ளிய ஒரு வாரம். நாமாகத் தள்ளுவதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

டாக்டர்களின் தலைவலி

ஆஸ்பத்திரிப் பக்கம் இருந்தும் இதைப் பார்க்க வேண்டும். கேன்ஸர் நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. அவரைக் கூட்டத்துக்கு நடுவே வரவழைத்து வைரஸைக் கொடுத்துவிட்டால்? 2020 பிப்ரவரியில் 'லான்செட் ஆன்காலஜி' என்ற மருத்துவப் பத்திரிகையில் சீன டாக்டர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1,590 கொரோனா நோயாளிகளில் கேன்ஸர் வந்தவர்கள் 18 பேர். அவர்களில் 7 பேருக்கு நிலைமை மோசமாயிற்று என்று. உலகமே அரண்டு போயிற்று. பல நாடுகளில் சிகிச்சையைத் தள்ளிப் போடுகிற பேச்சு கிளம்பியது. பதினெட்டே பேர்! நம் ஆபீஸ் கான்டீன் க்யூவே அதைவிட நீளம். ஆனால், அன்றைக்குக் கையில் இருந்த கணக்கு அதுதான்.

கொஞ்ச நாளில் பெரிய கணக்குகள் வந்தன. அதே 2020 மே மாதம் பிரிட்டனில், கொரோனா வந்த 800 கேன்ஸர் நோயாளிகளை ஆராய்ந்து பார்த்தார்கள். வயதும், கூடவே இருக்கிற மற்ற நோய்களும்தான் உயிருக்கு முக்கிய ஆபத்து. சமீபத்தில் கீமோ எடுத்ததால் மட்டும் சாவு கூடவில்லை என்று தெரிந்தது. ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் ஜாக்கிரதை தேவை என்பதும் பின்னால் தெளிவாயிற்று.

மறுபக்கம், தள்ளிப் போட்டால் என்ன ஆகும்? 2020 நவம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பதில் சொன்னது. ஏழு வகைக் கேன்ஸர், 12 லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப் போனால், இருக்கிற மரண அபாயத்தின் மேல் இன்னும் 6 முதல் 8 சதவிகிதம் கூடுகிறது. வட்டிக் கணக்கு மாதிரி, அடுத்த நான்கு வாரத்துக்கு மறுபடியும் கூடும்.

டாலி ஆகாத கணக்கு

நான் அக்கவுன்ட்ஸ் ஆசாமி. ஒரு கணக்கைக் காட்டாமல் விட மாட்டேன். நம் நாட்டில் 41 கேன்ஸர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து தங்கள் பதிவேடுகளைப் புரட்டி, 2021-ல் வெளியிட்ட கணக்கு இது. 2019 மார்ச், ஏப்ரல், மே ஒரு பக்கம். 2020-ல் அதே மூன்று மாதம் இன்னொரு பக்கம்.

புதிதாகப் பதிவு செய்த நோயாளிகள்: 1,12,270 பேர். அடுத்த வருஷம் 51,760.
பெரிய ஆபரேஷன்கள்: 17,120. அடுத்த வருஷம் 8,677.
வந்து ஏற்றிக் கொண்டு போகிற கீமோ: 1,73,634. அடுத்த வருஷம் 1,09,107.
ரேடியேஷன்: 51,142. அடுத்த வருஷம் 39,365.

முதல் வரியைப் பாருங்கள். 60,510 பேர் குறைவு. அந்த மூன்று மாதம் கேன்ஸர் வருவது பாதியாகக் குறைந்துவிட்டதா என்ன? கட்டி அப்படியேதான் இருந்தது. ஆட்கள்தான் வரவில்லை. சின்ன ஊர்களைவிடப் பெருநகர ஆஸ்பத்திரிகளில்தான் சரிவு அதிகம். ஏனென்றால், பெருநகரத்துக்கு வருகிறவர்களில் பல பேர் வெளியூர்க்காரர்கள். பஸ்ஸும் ரயிலும் நின்றால் அவர்கள் நின்றார்கள்.

நிற்காதவர்களும் உண்டு. அந்த மார்ச் கடைசியில் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், மனைவியைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துத் தன்னோடு சேர்த்துக் கட்டிக் கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்துப் புதுச்சேரி ஜிப்மருக்கு வந்து சேர்ந்தாரே... பேப்பரில் படித்திருப்பீர்கள். டாக்டர்கள் சிகிச்சை கொடுத்து, மருந்தும் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஊருக்கு அனுப்பினார்கள். படித்தவர்கள் எல்லோரும் கண் கலங்கினோம். ஆனால், ஒரு கீமோ தேதிக்காக ஒரு முதியவர் அப்படி மிதிக்க வேண்டியிருந்தது என்பதைப் பாராட்டிவிட்டு மட்டும் போய்விட முடியாது.

கதவைத் திறந்து வைத்தவர்கள்

1941-ல் ஆரம்பித்த மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி, கொரோனா கொதித்துக் கொண்டிருந்த ஊரில் ஆபரேஷன் தியேட்டரை மூடவில்லை. 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை 494 கேன்ஸர் ஆபரேஷன்கள். ஆபரேஷனுக்குப் பின் இறந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. ஆறு பேருக்கு கொரோனா வந்தது. அவர்களும் தீவிர சிகிச்சைக்குப் போகாமலே தேறினார்கள். இந்தக் கணக்கை வெளியிட்டபோது உலகம் முழுவதும் சர்ஜன்களுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

கேரளாவில் வேறு யோசனை செய்தார்கள். நோயாளி திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு வர முடியாவிட்டால், வைத்தியம் நோயாளி இருக்கிற மாவட்டத்துக்குப் போகட்டும் என்று, மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் கீமோவுக்கு வழி செய்தார்கள். மாத்திரைகளைக் கொண்டு போய்க் கொடுத்தது யார் தெரியுமா? தீயணைப்புப் படை! மணியடித்துக் கொண்டு வருகிற சிவப்பு வண்டி, நெருப்பு இல்லாத நாளில் மருந்து சுமந்தது.

டாக்டர்கள் சிகிச்சையையே சுருக்கிப் பார்த்தார்கள். பிரிட்டனில் மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று வாரம், 15 தடவை கொடுக்கிற ரேடியேஷனை ஒரே வாரத்தில் 5 தடவையாகக் கொடுத்துச் செய்த பெரிய ஆராய்ச்சியின் ஐந்து வருஷ ரிசல்ட், சொல்லி வைத்தாற்போல் 2020 ஏப்ரல் கடைசியில் வெளிவந்தது. பலன் குறையவில்லை. பத்து நாள் ஆஸ்பத்திரி நடை மிச்சம்! அக்காவுக்கும் முதலில் 25 நாள் என்று சொல்லியிருந்த ரேடியேஷனை ஜூலையில் 15 நாளில் முடித்தார்கள். சில நோயாளிகளுக்கு டிரிப்ஸுக்குப் பதில் மாத்திரை. சிலருக்கு ஸ்கேன் மூன்று மாதத்துக்குப் பதில் கொஞ்சம் தள்ளி. நேரில் பார்த்தே தீர வேண்டும் என்றில்லாதவர்களுக்கு போனில் டாக்டர். 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு அதற்கென்றே தொலைமருத்துவ விதிமுறைகளை வெளியிட்டது.

அதிலும் ஒரு சிக்கல். மார்ஃபின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அதை போனில் எழுதித் தரக் கூடாது. நோய் முற்றி, வலியில் துடிக்கிறவருக்கு அதுதான் வேண்டும். அவர் வீட்டார் யாராவது நேரில் போயே ஆக வேண்டும்.

அந்தக் காலத்திலேயே நமக்கு இன்னொரு இழப்பு. அடையாறு கேன்ஸர் இன்ஸ்டிட்யூட்டின் டாக்டர் சாந்தா 2021 ஜனவரி 19 அன்று, 93-ஆவது வயதில் காலமானார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கையோடு ஆரம்பித்த அந்த இடத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர். 'சீக்கிரம் வாருங்கள், குணப்படுத்த முடியும்' என்பதைத்தான் ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டிருந்தார். சீக்கிரம் வர முடியாமல் போன ஒரு வருஷத்தின் முடிவில் அவர் போனார்.

இளைஞர்களே, உங்களைத்தான்!

மேலே சொன்னதெல்லாம் டாக்டர்கள் வேலை, அரசாங்க வேலை. நம்மை மாதிரி ஆபீஸ் ஆசாமிக்கு இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. உங்கள் உடம்பில் ஐந்து லிட்டர் இருக்கிறது.

கீமோவால் மஜ்ஜை படுத்துவிட்ட நோயாளிக்கு, குறிப்பாக ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு, ரத்தமும் தட்டணுக்களும் வேண்டும். தட்டணுக்கள் ஐந்து நாள்தான் கெடாமல் இருக்கும். வாங்கிச் சேர்த்து வைக்கிற சமாசாரம் இல்லை. ரத்த வங்கிகளுக்குப் பெரிய ஆதாரம் எது? காலேஜ்களிலும் நம் மாதிரி கம்பெனிகளிலும் நடக்கிற முகாம்கள். 2020-ல் காலேஜ் மூடல், ஆபீஸ் மூடல், முகாமும் மூடல். 2021-ல் இன்னொரு சோதனை. மே 1 முதல் 18 வயதானவர்களுக்கும் தடுப்பூசி என்று அறிவித்தார்கள். ஊசி போட்டால் 28 நாள் ரத்தம் தரக் கூடாது என்று விதி. அப்புறம்தான் அதை 14 நாளாகக் குறைத்தார்கள். 'ஊசி போட்டுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரத்தம் குடுத்துட்டுப் போங்கப்பா' என்று ரத்த வங்கிக்காரர்கள் கெஞ்சினார்கள்.

எங்கள் செக்ஷனில் ஆறு பேர் அப்படிப் போய்க் கொடுத்தோம். அதில் ஒருவன் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ரகம். கொடுத்துவிட்டு வந்து ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் மாம்பழ ஜூஸையும் காலி செய்துவிட்டு, "ஸிஸ்டர், இன்னொரு கை இருக்கே" என்றான். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தரலாம். கொரோனா போய்விட்டது என்று ரத்தத்தின் தேவை போய்விடவில்லை.

அடுத்த தடவை கதவை அடைப்பது கொரோனாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் சரி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சரி, சென்னையில் தெருவுக்குள் படகு வந்தது. அந்த வாரத்திலும் யாருக்கோ இருபத்தோராம் நாள் வந்திருக்கும். ஆகவே, வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால்...

கையில் இருக்கட்டும்!

* ஃபைலை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று பீரோவில், ஒன்று பையில். முக்கியப் பக்கங்களை செல்போனில் படமாகவும் வையுங்கள். நோயின் பெயர், மருந்துகளின் பெயர், இது எத்தனையாவது கீமோ, அடுத்த தேதி... இந்த நான்கும் அவசியம்.

* வீட்டில் ஒரு தெர்மாமீட்டர். 100.4 டிகிரி தாண்டினால் ராத்திரி, பகல், தீபாவளி எதுவும் பார்க்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் ஜுர மாத்திரை வேண்டாம்.

* பாதை அடைபட்டால் எங்கே போவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரத்தப் பரிசோதனையையும் சில வகைக் கீமோவையும் உள்ளூரிலேயே செய்து கொள்ள வழி இருக்கலாம்.

* தினசரி மாத்திரை, வலி மாத்திரை பத்து நாளைக்கு உபரியாக இருக்கட்டும். கடைசி மாத்திரையை விழுங்கிய பிறகு கடையைத் தேடாதீர்கள்.

* தேதியைத் தள்ளுவதானால் டாக்டர் தள்ளட்டும். கசாயம், லேகியம், பக்கத்து வீட்டு மாமி சொன்ன கபசுரக் குடிநீர்... எதைக் குடிப்பதானாலும் அவரிடம் ஒரு வார்த்தை.

* நோயாளிக்கு எந்தத் தடுப்பூசி, எப்போது என்பதை டாக்டர் சொல்வார். கூட இருக்கிற நாம் நம் ஊசிகளைப் போட்டுக் கொள்வதும் அவருக்குப் பாதுகாப்புதான்.

* வாயில் மூன்று வாரமாக ஆறாத புண், புதிதாகத் தென்படுகிற கட்டி, காரணமில்லாத ரத்தப்போக்கு... 'ஆடிட் முடியட்டும்' என்று இழுக்காதீர்கள். ஹான்ஸ், பான் பராக் போடுகிற நண்பர்களே, அந்த முதல் வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

அக்காவின் ஆறாவது கீமோ 2020 ஜூன் 5 அன்று முடிந்தது. இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப். முடி முன்பைவிடச் சுருட்டையாக வளர்ந்திருக்கிறது. ஸ்கூலில் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு நடத்திக் கொண்டிருக்கிறாள். டாக்ஸிப் பையன் சொந்தமாக இன்னொரு வண்டி வாங்கிவிட்டான். லோன் வட்டி சரிதானா என்று பார்க்க டீச்சரிடம்தான் வருகிறான்.

எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரியும் சௌக்கியம். சென்ற மாதம் ஃப்ளாட் வாசலில் ரத்ததான முகாம் வைக்கலாமா என்று கேட்டேன். தீர்மானம் போட வேண்டும் என்றார். எப்போது போடுவீர்கள் என்றேன்.

"இப்பவே" என்றார்.